ஸ்லைடு எண் நூற்று நாற்பது

செவ்வாயும் வியாழனும் மாலை ஏழரை.
திரியெஸ்தே துறைமுகத்தின் பின்னால்
பழைய கயிற்றாலையின் இரண்டாம் மாடி.
பதினொரு பேர்.
சுங்க அலுவலகம் முடித்து ஓடிவரும் என் விரலில்
முத்திரை மையின் நீலம் காய்ந்திருக்காது.
போரா காற்று சன்னலை உலுக்கும்போதெல்லாம்
திரைச்சீலையில் இருக்கும் கன்னிமரி
சற்றே மூச்சு வாங்குவாள்.

மேற்குலகக் கலை வரலாறு, முதலாண்டு
என்றுதான் ரசீதில் இருந்தது.
குகைச்சுவரின் காட்டெருமையில் தொடங்கி
கிறிஸ்துமசுக்குள் பேராலயங்களைக் கட்டி முடித்து
ஈஸ்டருக்குள் எண்ணெய்ச் சாயம் குழைத்தாக வேண்டும்.
நூற்றாண்டுக்கு ஒன்றரை வகுப்பு.
கொள்ளைநோய்க்கு இருபது நிமிடம்,
அதில் பத்து காப்பிக்குப் போய்விடும்.

ஒந்தினா கொசுத்தாவுக்கு முப்பத்தொரு வயது.
முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற குறிப்பேட்டையும்
ஒரு மரப்பெட்டி ஸ்லைடுகளையும்
அடைக்க வேண்டிய கடன்போல் தூக்கி வருவாள்.

எண் நூற்று நாற்பது.
மலையூர்க் கோயிலொன்றின் பலகை ஓவியம்,
வரைந்தவன் பெயர் தெரியாது.
"தூதன் எப்போதும் இடப்பக்கம் வருவான்.
இவன் வலப்பக்கம் வருகிறான், பாருங்கள்.
மரபை மீறிய துணிச்சல்."
எழுதிக்கொண்டோம். நான் அடிக்கோடும் இட்டேன்.
அந்தப் பெயரில்லாதவன்மேல்
எனக்குக் கொஞ்சம் காதல்கூட வந்தது.

கடைசி வரிசையில் லிவியோ ஸ்டாங்கிச்.
பொய்ப்பல் செய்கிறவர், நகக்கண்ணில் எப்போதும் சாந்து.
"இவன் இடக்கையால் ஆசி கொடுக்கிறானே?"
அதற்கும் குறிப்பேட்டில் ஒரு பத்தி இருந்தது.
"அவள் மடிப் புத்தகத்தில் எழுத்து வலமிருந்து ஓடுகிறதே?"
எபிரேயமாக இருக்கும் என்றாள் மருந்துக்கடை மிரேலா.
"இல்லை. லத்தீன். முதுகைக் காட்டி நிற்கிறது.
முப்பது வருடமாக
வாய்க்குள் கண்ணாடி பிடித்துப் பிழைக்கிறேன் அம்மா,
எனக்குத் தெரியும்."

விசிறியின் இரைச்சல் மட்டும்.
ஒந்தினா எழுந்துபோனாள்.
ஸ்லைடை உருவினாள், ஊதினாள்,
திருப்பிச் செருகினாள்.
ஒரே சொடுக்கில்
தூதன் இடம் மாறி இடம் வந்தான்.
அதே லில்லி, அதே மண்டியிடல்,
ஆயிரம் ஓவியத்தில் வரும் அதே பிள்ளை.
சட்டத்தின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு,
யாரோ தவறான முகத்தில் ஒட்டியது.

பத்தொன்பது வருட விடைத்தாள்கள்
அந்தப் பொட்டுக்குள் அடங்கிவிட்டன.
அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
குறிப்பேட்டை மூடி
அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிறன்று லிவியோவின் வேனில் போனோம்,
மூன்று பேர், ஒரு பை ஆரஞ்சு.
கோயில் சாவி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது.
அதாவது, சாவி வைத்திருந்தவர்.
ஐம்பது சென்ட் போட்டால் இரண்டு நிமிட வெளிச்சம்.

இவ்வளவு சிறிசா?
ஒரு தேநீர்த் தட்டின் அளவு.
மரியின் முழங்காலில் மெழுகுவர்த்திப் புகை,
பொன் பூச்சில் எவரோ சுரண்டிய தடம்.
தூதன் இடப்பக்கம்தான், ஒழுக்கமாக.
ஆனால் வலப்பக்கச் சுவரில்,
சாயம் மெலிந்து பலகை தெரியுமிடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு.
முதலில் அங்கே வரைந்து, மனம் மாறி அழித்த சிறகா?
இல்லை, மழைநீர் இறங்கிய கறையா?
ஒந்தினா மூக்கு உரச நெருங்கினாள்.
லிவியோ கழுத்தைச் சாய்த்தார், பல் பார்ப்பதுபோல்.

விளக்கு அணைந்தது.
பைகளைத் துழாவினோம்.
எவரிடமும் சில்லறை இல்லை.

ஜூன் தேர்வில் மூன்றாம் கேள்வி அதுதான்.
அவர் ஈரம் என்று எழுதினார்,
நான் சிறகு என்று.
இருவருக்கும் பாதி மதிப்பெண்.